ஒரே சென்டிமீட்டர்

குடலில் அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் அதிகம் பிடிப்பது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தை. 1932-இல் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையின் கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் இதை விவரித்தபோது, அறுத்தெடுத்த குடலைக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். ஸ்கேன் படிக்கும் எனக்கோ, வயிற்றுக்குள் இருக்கும்போதே அதைச் சொல்லியாக வேண்டும்.

குடல் குறுகி அடைத்தவருக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி: இது அழற்சியா, தழும்பா? அழற்சி மருந்துக்கு அடங்கும். இறுகிய தழும்பு அடங்காது; பலூனால் விரிக்க வேண்டும், அல்லது வெட்டியெடுக்க வேண்டும். (நம் நாட்டில் காசநோயும் இதே இடத்தைப் பிடிக்கும் என்பதால், அதை முதலில் விலக்கியாக வேண்டும்.)

எம்.ஆர்.ஐ.க்கு முன் நோயாளி ஒரு லிட்டருக்கு மேல் மானிட்டால் கரைசல் குடிக்கிறார். குடல் விரியாவிட்டால் நல்ல சுவரும் தடித்ததாக ஏமாற்றும். வீங்கிய சுவர் டி2 என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் வெளுத்துத் தெரியும். படத்தைத் தெளிவாக்கச் செலுத்தும் காடோலினியம் மருந்தைத் தழும்பு மெதுவாகத்தான் உள்வாங்கும். அதனால் அதைச் செலுத்திச் சில நிமிடம் பொறுத்து இன்னொரு படம் எடுக்கிறோம்.

படம் சொல்வது உண்மையா என்று ஆய்வகத்தால்தான் சொல்ல முடியும். கொலோனோஸ்கோப்பியில் கிள்ளியெடுக்கும் துணுக்கு இதற்குப் போதாது. அது உட்தோலோடு நின்றுவிடும், தழும்போ ஆழத்தில் இருக்கும். அறுவையில் வந்த முழுக் குடல்துண்டுதான் வேண்டும். இங்கேதான் உண்மையான உழைப்பு. படத்தில் குடல் வளைந்து நெளிந்து கிடக்கிறது. அறுத்தெடுத்த துண்டோ மேஜையில் நீண்டு கிடக்கிறது. ஃபார்மலினில் சுருங்கியும் விடுகிறது. மேல் முனையில் அறுவை மருத்துவர் ஒரு நூல் முடிச்சு போட்டுத் தந்தால் திசை தெரியும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் வால்விலிருந்து தூரம் அளந்து, மிகக் குறுகிய இடத்தையும் கொழுப்பு ஏறிய இடத்தையும் அடையாளம் வைத்து, நானும் பேத்தாலஜி மருத்துவரும் படத்திலும் துண்டிலும் ஒரே சென்டிமீட்டரைத் தேடுகிறோம். அது தவறினால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

மேசன் டிரைக்ரோம் சாயத்தில் கொலாஜன் நீலமாகவும் தசை சிவப்பாகவும் தெரியும். பார்த்தால், பெரும்பாலும் அழற்சியும் தழும்பும் ஒரே சுவரில் கலந்திருக்கின்றன, தசையும் பருத்திருக்கிறது. 'இதுவா அதுவா' என்ற எங்கள் கேள்வியே பிழை. எது எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும். மலத்தில் பார்க்கும் கால்புரோட்டெக்டின் என்ற புரதம் அழற்சியைக் காட்டும். எந்த இடம், எவ்வளவு தழும்பு என்று காட்டாது.

அதே இடத்தில் மரபணுச் செயல்பாட்டையும் படிக்க ஆர்.என்.ஏ. வேண்டும், ஆனால் ஃபார்மலின் அதைச் சிதைக்கும். ஆகவே அதற்கான துண்டை அறுவை அரங்கிலேயே எடுத்து உறையவைக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை முன்கூட்டியே படத்தில் குறித்து, அறுவைக்கு முன் அரங்குக்கு அனுப்பிவிடுகிறேன்.