மாடியில் ஓடும் மீட்டர்கேஜ்

ஒரு ஜெர்மன்காரருக்குத் தன் ஊர் ரயிலை வீட்டுக்குள் ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தால் கடைக்குப் போய்வந்தால் போதும். மெர்க்ளின் நிறுவனம் 1891ல் லைப்சிக் சந்தையில் தண்டவாளத்தோடு பொம்மை ரயில்களைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து அங்கே அது ஒரு தனித் தொழில். இங்கிலாந்துக்காரருக்கு 1920 முதல் ஹார்ன்பி ரயில்கள் இருக்கின்றன. பொன்மலையில் வளர்ந்த ஒருவருக்கு அதே ஆசை வந்தால், அரம், ரம்பம், சால்டரிங் அயர்ன் மூன்றையும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்படி உட்கார்ந்த ஒருவரைப் பார்க்கத்தான் திருச்சி பொன்மலைக்குப் போனேன். தென்னிந்திய ரயில்வே தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இந்த ஊருக்கு மாற்றியது 1928ல். நீலகிரி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் பழுதுபார்ப்புக்கு வருவது இங்கேதான். பிற்காலத்தில் அவற்றில் சிலவற்றைப் புதிதாகவே கட்டியதும் இங்கேதான். இந்தப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். "பேரெல்லாம் போடாதீங்க தம்பி, ரயிலைப் பத்தி எழுதுங்க, போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆகவே இங்கே அவர் பெரியவர்.

மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை. சுவரோரமாக 'ட' வடிவில் பிளைவுட் மேசை, நின்றபடி வேலை செய்ய வசதியாக இடுப்புக்குச் சற்று மேலே. மேசையின் ஒரு கையில் காவிரி டெல்டாவின் சின்ன ஸ்டேஷன்: ஓட்டுக்கூரை, புளியமரம், தண்ணீர்த் தொட்டி, கைகாட்டி மரம். மறு கையில் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையும் அதன் 13 கண் பாலமும். இரண்டுக்கும் நடுவே ஒரு குன்று, அதற்குள் சுரங்கம். "தஞ்சாவூருக்கும் செங்கோட்டைக்கும் நடுவுல ஒரே ஒரு மலைதான், நம்ம ஊர்ல" என்று சிரித்தார். சுரங்கம் அங்கே இருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நிஜ ரயில் பாதையில் இருக்கவே முடியாத அளவுக்குக் கூர்மையான வளைவு அந்த மூலையில் இருக்கிறது. அதை மலை மறைத்துக்கொள்கிறது.

1904ல் ரயில் ஓடத் தொடங்கிய அந்தச் செங்கோட்டை மலைப்பாதையை 2010ல் மூடினார்கள். 2018ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். 1992ல் தொடங்கிய ஒரே அகலப்பாதைத் திட்டத்தில் தமிழ்நாட்டின் மீட்டர்கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சென்னை கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் மின்ரயில் 2004ல் நின்றது. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது மேட்டுப்பாளையம்–ஊட்டிப் பாதை மட்டும்.

இந்தப் பொழுதுபோக்கில் எல்லாமே கணக்கில் தொடங்குகிறது. உலகெங்கும் அதிகம் புழங்கும் அளவு 1:87. நிஜத்தில் ஒரு அடி, மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். பழைய தென்னிந்திய ரயில்வே வரைபடங்கள் அடி, அங்குலத்தில் இருப்பதால் இந்தக் கணக்கு பெரியவருக்கு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. ஐந்தரை அடி மனிதர் 19 மில்லிமீட்டர் உயரம். மீட்டர்கேஜ் பயணிகள் பெட்டி ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் நீளம். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பதினொன்றரை மீட்டர் வேண்டும். எந்த வீட்டு மாடியிலும் அதற்கு இடமில்லை. எதை விடுவது என்று முடிவெடுப்பதுதான் முதல் வேலை. பெரியவர் தன் ஸ்டேஷனில் மூன்றாவது லைனை விட்டுவிட்டார், கூட்ஸ் ஷெட்டைப் பாதியாக்கினார், பத்துப் பெட்டி ரயிலை நான்காகக் குறைத்தார். கைகாட்டியையும் புளியமரத்தையும் மட்டும் தொடவில்லை.

இதே கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கடையில் கிடைக்கும் 1:87 தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதையின் 1435 மில்லிமீட்டருக்காக வகுத்தது. நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். அதனால் அகலப்பாதை இன்ஜின் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒல்லியான தண்டவாளத்தில்தான் அதை நிறுத்துகிறார்கள். மீட்டர்கேஜுக்கு வேண்டியது 11.5. சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களுக்காக வெளிநாட்டில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் செய்கிறார்கள். வித்தியாசம் அரை மில்லிதான். "நிஜத்துல பிராட்கேஜ் வந்து மீட்டர்கேஜைத் தூக்கிடுச்சு. மேசையில பாருங்க, மீட்டர்கேஜ்தான் சரியா உக்காருது" என்றார்.

மேசையில் பாதி உருவான ஒய்டிஎம்-4 ஒன்று கிடந்தது. அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்து, பின்னாளில் வாரணாசியிலும் கட்டிய டீசல் இன்ஜின் அது. மீட்டர்கேஜின் கடைசிக் காலத்தைச் சுமந்தது. மாதிரியின் உடல் ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட். பக்கவாட்டுக் கதவுகளை ஊசிமுனையால் கீறியே வரைந்திருந்தார். கைப்பிடிகள் பித்தளைக் கம்பி. உள்ளே 12 வோல்ட் மோட்டார், அதன் தண்டில் திருகுபோன்ற பித்தளை வார்ம், அது சுழற்றும் நைலான் பல்சக்கரங்கள். ஆறு ஆக்சிலுக்கும் சக்கரங்களை வீட்டில் இருக்கும் சின்ன லேத்திலேயே கடைந்துவிடுகிறார். ஒவ்வொரு ஆக்சிலிலும் ஒரு பக்கச் சக்கரத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் புஷ் போட்டாக வேண்டும். இரண்டு தண்டவாளமும் மின்கம்பிகளே. புஷ் இல்லாவிட்டால் இரும்பு ஆக்சில் இரண்டையும் சேர்த்து ஷார்ட் ஆக்கிவிடும். இழுவைக்கு எடை வேண்டும் என்பதால், டயர் கடையில் வீல் பேலன்ஸ் பண்ணும்போது ஒட்டுகிற ஈயத் துண்டுகளை வாங்கிவந்து உடலுக்குள் அடைத்திருந்தார்.

வண்ணமும் எழுத்தும் இன்னொருவர் வேலை. ஃபிளெக்ஸ் பேனர் வருவதற்கு முன் திருச்சியின் சுவர்களிலும் லாரிகளிலும் எழுதிக்கொண்டிருந்த பெயின்டர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிடுகிறார். இன்ஜின் எண்ணின் உயரம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. பூதக்கண்ணாடியை மேசையில் பொருத்திக்கொண்டு, இரண்டு மூன்று முடி மட்டும் விட்ட தூரிகையால் எழுதுகிறார். "சுவத்துல தப்புனா அடுத்த கோட்டுல மறைச்சுரலாம் சார். இதுல கோட்டு ஏற ஏற ரிவெட்டே மறைஞ்சு போகும்" என்றார். அதனால் பெயின்ட்டைத் தண்ணீராகக் கரைத்து மெல்லிசாக ஒரு கை, அது நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு கை. ஸ்டேஷன் பெயர்ப்பலகையின் மஞ்சளையும் தமிழ், இந்தி, ஆங்கில எழுத்துகளையும் அவர்தான் எழுதியிருக்கிறார். அதில் இருக்கும் ஊர்ப்பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. பெரியவரின் பேத்தி வைத்த பெயர்.

மரங்கள் எல்லாம் வீட்டம்மாவின் கைவேலை. "வத்தல் காயப்போட்ட இடத்தைப் புடுங்கிக்கிட்டாரு, சும்மா விடலாமா? நானும் உள்ள வந்துட்டேன்" என்றார் அவர். பழைய மின்கம்பியின் செம்புச் சரங்களை முறுக்கினால் அடிமரமும் கிளையும். மேலே பிரித்த தேங்காய் நார், அதன்மேல் சாயம் தோய்த்த மரத்தூள். மரத்தடிச் சருகு, காய்ந்த டீத்தூள். நிஜப் பாதையில் 50 மில்லிமீட்டர் ஜல்லி என்றால் இங்கே அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது சலித்த ஆற்றுமணல். மணலைக் கொட்டுமுன் அதன்மேல் காந்தத்தை ஓட்டிக் கருமணலை எடுத்துவிட வேண்டும்; விட்டால் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, மணலுக்குள் இறங்குவதற்காகப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு சேர்த்து, சிரிஞ்சால் விடுகிறார்கள்.

மின்சாரப் பக்கம் பக்கத்துத் தெருத் தம்பியின் பொறுப்பு. மின்னணுவியல் படித்தவர், பெரியவரை மாமா என்கிறார். பழைய முறையில் தண்டவாளத்தில் எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அவ்வளவு வேகம். ஒரே பாதையில் இரண்டு இன்ஜின் நின்றால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும். இப்போதைய டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளையும் அதிலேயே கலந்து வரும். இன்ஜினுக்குள் இருக்கும் சில்லு தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கைகாட்டியை இறக்குவது ஒரு குட்டி சர்வோ மோட்டார். முதலில் அது விறைப்பாக இறங்கி நின்றதாம். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. நிஜக் கைகாட்டி கம்பி இழுபட்டு விழும்போது கடைசியில் இரண்டு துள்ளு துள்ளும். தம்பி நிரலில் அந்தத் துள்ளலைச் சேர்த்த பிறகுதான் அதற்கு ஸ்டேஷனில் இடம் கிடைத்தது.

செய்வதைவிடப் பழுதுபார்ப்பதற்குத்தான் இங்கே அதிக நேரம் போகிறது. நான் இருந்தபோது ஒரு இன்ஜின் மெதுவாக ஓடும்போதெல்லாம் டக், டக் என்று தட்டியது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். "சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு தட்டு. மோட்டாரா இருந்தா இதைவிட வேகமா தட்டும். ஆக்சில் கியர்தான்." கழற்றிப் பார்த்தால் நைலான் பல்சக்கரத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே முடிபோல ஒரு விரிசல். இரும்பு ஆக்சிலில் இறுக்கி அடித்த நைலான் வருடங்கள் ஆக ஆகச் சுருங்கும், ஆக்சில் சுருங்காது, கடைசியில் பல்லடி பிளக்கும். பிளந்த இடத்தில் பல் இடைவெளி கூடிவிடுவதால் வார்ம் அங்கே வரும்போதெல்லாம் தட்டுகிறது. ஒட்டினால் நிற்காது. புதுப் பல்சக்கரத்தின் துளையைத் துளியளவு பெரிதாக்கி, இறுக்கத்தைக் குறைத்து மாட்டினார். பணிமனையில் நிஜ ரயில் சக்கரத்தை ஆக்சிலில் ஏற்றும்போது இறுக்கத்துக்குப் பார்க்கிற அதே கணக்கு.

மற்ற நோய்களுக்கெல்லாம் காரணம் அழுக்கு. தண்டவாளம் கறுத்தால் மின்சாரம் ஏறாது, இன்ஜின் திக்கும். உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கவே கூடாது என்கிறார். அது விடும் கீறல்களில் அழுக்கு இன்னும் சீக்கிரம் குடியேறும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணிதான் மருந்து. எண்ணெய் ஊசிமுனையால் தொட்டு வைக்கிற அளவு போதும். கூடினால் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷுக்குப் போய்விடும். ஆக்சிலில் சுற்றிய தலைமுடியைச் சாமணத்தால் எடுப்பது வாராவாரம் நடக்கிற வேலை.

சாயங்காலம் ரயில் ஓட்டினார்கள். சும்மா சுற்றவிடவில்லை, கால அட்டவணை இருக்கிறது. பெயின்டர் அண்ணன் ஸ்டேஷன் மாஸ்டர், தம்பி டிரைவர், மலையடிவாரத்து ஸ்டேஷன் பேத்தியிடம். நிஜ ஒற்றைப் பாதையில் நீல்ஸ் கருவியிலிருந்து ஒரு பந்து டோக்கன் வெளியே வந்துவிட்டால், அது மறுமுனைக் கருவிக்குள் போகும்வரை இன்னொன்று வராது. இரண்டு ரயில் எதிரெதிரே வந்துவிடாமல் காத்தது அந்த ஏற்பாடு. இங்கே அதற்கு ஒரு பித்தளை வளையம். வளையம் கைக்கு வராமல் தம்பி ரயிலை நகர்த்தவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் இந்த அளவில் ஒரு மீட்டரைக் கடக்க 5 விநாடி. மலையில் அதில் பாதி வேகம். பார்க்க வந்த தெருப் பிள்ளைகள் வேகமாக ஓட்டச் சொல்லிக் கத்தினார்கள். யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் மாதிரி இன்ஜின்களை அலுவலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பார்த்திருக்கிறேன். அவை இன்ஜினின் உருவத்தை வைத்திருக்கின்றன. இந்த மாடியில் இருப்பது வேலை: டோக்கன் கைமாறும் முறை, கைகாட்டி துள்ளும் விதம், சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் காது. மீட்டர்கேஜோடு போயிருக்க வேண்டிய இந்த அறிவு, ஓட்டுவதாலும் பழுதுபார்ப்பதாலும்தான் இன்னும் ஆட்களிடம் இருக்கிறது. பிள்ளை விளையாட்டு என்று இதை ஒதுக்குவது தவறு.

பெரியவருக்கு இருக்கும் ஒரே குறை அளவுகள். இன்ஜினுக்கு வரைபடம் எப்படியாவது கிடைத்துவிடுகிறது. ஸ்டேஷன் கட்டடங்களுக்குக் கிடைப்பதில்லை. யாராவது தரும் பழைய கல்யாணப் பயணப் புகைப்படத்தில், நேராகத் தெரியும் தண்டவாளத்தின் ஒரு மீட்டர் அகலத்தை அளவுகோலாக வைத்துக் கூரையின் உயரத்தைக் கணக்கிடுகிறார். உங்கள் ஊரில் மீட்டர்கேஜ் காலத்து ஸ்டேஷனோ, கேபினோ, கேட்மேன் வீடோ இன்னும் நின்றால், இடிப்பதற்குள் ஒருமுறை போய்வாருங்கள். ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சுவரோடு நிறுத்தி, முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் நேருக்கு நேர் நின்று படமெடுங்கள். ஊர்ப்பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அந்த ஒரு படம் கையில் இருந்தால் அரமும் ரம்பமும் தெரிந்த ஒருவர் அந்த ஸ்டேஷனைத் திரும்பக் கட்டிவிடுவார்.