நைனாவின் ரீல் பெட்டி
(மின்னணு மற்றும் தொடர்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் அண்ணன்கள் கிளாசுக்கு வந்தபோது, "கவிதை எல்லாம் நிறைய வந்துடுச்சு. நீ அந்த தியேட்டர் மேட்டரை எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் கவிதை வராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் வாசித்துத் திருத்திக் கொடுக்க ஆள் கிடையாது. பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான்.

வீடு கல்மண்டபத்தில். அம்மா விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிறவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு இப்போது காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அட்மிஷன் பாரத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதினேன். ஆனால் நான் கைக்குழந்தையாக இருந்த காலம் வரைக்கும் அவருக்கு வேறு தொழில் இருந்தது. சினிமாத் தொழில்!

சிரிக்காதீர்கள். அப்போதெல்லாம் ஒரு படத்துக்கு ஒரு பிரிண்ட் போட ஐம்பது அறுபதாயிரம் ஆகுமாம். அதனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்டை அனுப்புவார்கள். முதல் தியேட்டரில் அரை மணி நேரம் முன்னால் படம் போடுவார்கள். அங்கே ஓடி முடிந்த ரீலை டின் பெட்டியில் போட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி, அடுத்த தியேட்டருக்குக் கொண்டு போகிறவர் நைனா. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். அந்தக் கணக்கு அவர் காலில் இருந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டர், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தியேட்டர். கூட்ஸ் வண்டி வந்து கேட் போட்டுவிட்டால் போச்சு! அங்கே ஹீரோ பாதிச் சண்டையில் நிற்பார், ஜனங்கள் விசில் அடிப்பார்கள், இங்கே இவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடுவார். இதையெல்லாம் நைனா சொல்லும்போது, "ரீல் விடாத நைனா" என்று நானே எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன்.

2005 வாக்கில் டிஜிட்டல் வந்தது. யு.எஃப்.ஓ. கம்பெனி சாட்டிலைட் வழியாகப் படத்தை இறக்கியது. நம் சென்னையில் 1986இல் ஆரம்பித்த ரியல் இமேஜ் கம்பெனி 'க்யூப்' கொண்டு வந்தது. ஒவ்வொரு தியேட்டராக மாறி, ஒரு நாள் நைனாவின் சைக்கிளுக்கு வேலை இல்லாமல் போனது. யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பெட்டி வரவில்லை, அவ்வளவுதான்.

இனி என் கதை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு அண்ணன்கள், காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் பெண்களைப் பற்றி 12 நிமிடப் படம் ஒன்று எடுத்தார்கள். என் அம்மாவும் அதில் வருகிறார். யூனியன் விழாவை முன்னிட்டு அதை நம் ஏரியா தியேட்டர் ஒன்றில், சனிக்கிழமை காலை முதல் ஷோவுக்கு முன்னால் போட அனுமதி கிடைத்தது. அண்ணன்கள் பென் டிரைவோடு போனார்கள். ஆபரேட்டர் சிரித்துவிட்டு, "இது டி.வி. இல்லப்பா. டி.சி.பி. பண்ணி எடுத்தா" என்று அனுப்பிவிட்டார். வெளியே ஒரு ஸ்டுடியோவில் விசாரித்ததற்கு எட்டாயிரம் ரூபாய் சொன்னார்கள். யூனியன் பெட்டியில் மொத்தமே அவ்வளவு இல்லை. "நீ இ.சி.இ. தானே, பாரு" என்று என் தலையில் கட்டினார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் அது.

டி.சி.பி. என்றால் டிஜிட்டல் சினிமா பேக்கேஜ். 2002இல் ஹாலிவுட்டின் ஏழு பெரிய ஸ்டுடியோக்கள் ஒன்று சேர்ந்து, தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படம் எப்படி இருக்க வேண்டும் என்று விதி எழுத உட்கார்ந்தார்கள். 2005இல் எழுதி முடித்தார்கள். அந்த விதிப்படி ஒவ்வொரு பிரேமும் தனித்தனிப் படமாக, ஜேபெக் 2000 என்ற முறையில் சுருக்கப்பட வேண்டும். ஒலியைச் சுருக்கவே கூடாது. ஒரு நொடிக்கு 24 பிரேம் என்பதுதான் பொது வழக்கு. கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். படத்துக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று, எது எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் சின்னச் சின்ன ஃபைல்கள் சில.

இதைச் செய்துகொடுக்க இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. பெயர் டிசிபி-ஓ-மேட்டிக். கார்ல் ஹெதரிங்டன் என்பவர் எழுதியது. காசு கேட்காமல் உலகத்துக்கே கொடுத்திருக்கிறார். அவர் நல்லா இருக்கணும். என்னிடம் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஃபேன் ஓடினால் மாவு மிஷின் சத்தம் வரும். செல்போன் நெட்டைப் போட்டு இறக்கி இன்ஸ்டால் பண்ணினேன். இன்ஸ்டால் பண்ணுவது பெரிய விஷயமே இல்லை. அதன் கையேடு முழுக்க இங்கிலீஷ், அதுதான் மலை. தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு, ஒரு பக்கத்துக்கு இருபது தடவை டிக்‌ஷ்னரி புரட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் ஒரு வார்த்தை புரியாவிட்டால் மார்க் போகும் என்ற பயம்தான் வரும். இங்கே ஒரு வார்த்தை புரிந்தால் ஒரு வேலை நடந்தது. அந்த வித்தியாசத்தை நான் அதுவரைக்கும் அனுபவித்ததில்லை.

படத்தைச் சேர்த்து, 'ஃப்ளாட்' என்ற அளவைத் தேர்ந்தெடுத்தேன். தியேட்டரின் ஃப்ளாட் 1998க்கு 1080. எங்கள் படம் 1920க்கு 1080. ஓரத்தில் இந்தப் பக்கம் 39, அந்தப் பக்கம் 39 புள்ளி கறுப்பாக நிற்கும், பரவாயில்லை. படத்தில் மொத்தம் 18,000 பிரேம். என் லேப்டாப் நொடிக்கு இரண்டு பிரேம்தான் செய்தது. ஆக இரண்டரை மணி நேரம். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. பேட்டரி எப்போதோ செத்துப்போனது, லேப்டாப் அணைந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கரண்ட் வந்ததும் மறுபடி ஆரம்பித்தால், அது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது! நடு ராத்திரியில் நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து, "இன்னாடா ஆச்சு, பாம்பு கீம்பா?" என்றார்.

ஒன்பது ஜி.பி. அளவுக்கு ஃபோல்டர் ரெடி. பென் டிரைவில் போட்டால் ஏறவில்லை. அதில் இடம் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. பென் டிரைவ் எஃப்.ஏ.டி.-32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது வாங்காது. வேறு முறைக்கு மாற்றி ஏற்றிக்கொண்டு வியாழக்கிழமை தியேட்டருக்கு ஓடினேன். சொருகினால், சர்வர் 'ஒன்றும் இல்லை' என்கிறது. ஆபரேட்டர் அண்ணன் பொறுமைசாலி. "இதுக்கு லினக்ஸ் டிஸ்க்தான் பிடிக்கும். அப்படிப் பண்ணி எடுத்துட்டு வா. வெள்ளிக்கிழமை எனக்குப் புதுப்பட வேலை. சனிக்கிழமை எட்டு மணிக்குள்ள வரலேன்னா விட்டுடு" என்றார். கூட வந்த அண்ணன்களில் ஒருவர், "அப்பவே எட்டாயிரத்துக்கு வசூல் பண்ணியிருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார். என் காதில் விழும்படி மெதுவாக.

அன்று ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, எங்கே தப்பு என்று அந்தப் படத்தை லேப்டாப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரையில் அம்மா கூடையை இறக்கி விலை சொல்கிற இடம். நைனா கையில் சோற்றோடு நிமிர்ந்தார்.

"இன்னாடா இது? உங்கம்மாளுக்குச் சளி புடிச்சிருந்துதா அன்னிக்கு?"

"இல்ல நைனா, நல்லாத்தான் கீது."

"இது அவ கொரல் இல்லடா."

"சாஃப்ட்வேர் எல்லாம் கரெக்டுன்னுதான் சொல்லுது நைனா."

"சாஃப்ட்வேருக்கு உங்கம்மாளைத் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "மிஷின் மோட்டாரு ஸ்லோவா சுத்துனா கொரல் இப்படித்தான் தடியா வரும். வோல்டேஜ் கம்மியான ராத்திரில ஹீரோயினு ஆம்பள மாரி பேசுவா. உன் மிஷினு ஸ்லோவா சுத்துது, பாரு."

பார்த்தேன். அண்ணன்கள் கேமராவில் நொடிக்கு 25 பிரேம் வைத்து எடுத்திருக்கிறார்கள். தியேட்டருக்கு 24. சாஃப்ட்வேர் என்ன செய்தது? பிரேமை வெட்டாமல், 25 பிரேமை ஒரு நொடியில் காட்டுவதற்குப் பதில் 24ஆகக் காட்டியது. அதனால் படம் 4 சதவீதம் மெதுவாகி, 12 நிமிடம் பன்னிரண்டரை நிமிடமானது. சத்தமும் கூடவே மெதுவாகி, குரல் இறங்கிவிட்டது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நூறு பேர் பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள், அம்மாவோடு இருபது வருஷம் குடும்பம் நடத்திய ஒருவரைத் தவிர.

எப்படிச் சரி பண்ணுவது என்று நைனாவுக்குத் தெரியாது. எனக்கு அரை மணி நேரம் கழித்துத் தோன்றியது. ஆடாசிட்டி என்ற இன்னொரு இலவச சாஃப்ட்வேரில் சத்தத்தை மட்டும் எடுத்து, வேகத்தைத் தொடாமல் குரலை மட்டும் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். இப்போது கேட்டால் அம்மா குரல் கீச்சென்று இருக்கிறது. ஆனால் டி.சி.பி. பண்ணும்போது அது இறங்கும் இல்லையா, இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நிற்கும். சத்தம் மட்டும் மாறியதால் 18,000 பிரேமையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கவில்லை. முடிந்ததும் நைனாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கேட்டார். "ம்" என்றார். எனக்கு அது செமஸ்டரில் சென்டம் வாங்கியது மாதிரி.

வெள்ளிக்கிழமை, கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் கெஞ்சி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். அந்தச் சாஃப்ட்வேரோடு டிஸ்க் எழுதுவதற்கென்றே இன்னொரு புரோகிராம் வருகிறது. லினக்ஸ் முறையில் அதுவே எழுதிக்கொடுக்கும். ஆனால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்கும். என் சொந்த டிஸ்க்கைத் தப்பித்தவறி அமுக்கிவிடக் கூடாதே என்று மூன்று தடவை பெயரைப் படித்தேன்.

அது எழுதிக்கொண்டிருக்கும்போது சும்மா இருக்க முடியாமல், ஃபோல்டரில் இருந்த ஒரு சின்ன ஃபைலை நோட்பேடில் திறந்தேன். எந்த வரிசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபைல் அது. முழுக்கக் குறியீடுகள். நடுவில் ஒரு வார்த்தை பளிச்சென்று தெரிந்தது: 'ரீல்'. படம் என்பது ரீல்களின் வரிசை என்றுதான் அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது! சுற்றுவதற்குப் பிலிம் இல்லை, டின் இல்லை, இருந்தும் வார்த்தையை விடவில்லை. நைனாவிடம் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. எழுத்து எழுத்தாக விரல் வைத்துச் சொன்னேன். "அப்ப நான் ரீல் விடலைன்னு ஒத்துக்கிறியா?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

அப்புறம் அவருக்கு ஒரே கேள்விகள். பெரிய படங்களையும் இப்படி யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாமா? இல்லை நைனா, அதற்குப் பூட்டு உண்டு. எந்த தியேட்டர் மிஷினில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும் ஓடலாம் என்று சாவி தனியாக வரும். சரி, பெட்டி இல்லை, பிரிண்ட் இல்லை, அப்ப செலவும் இல்லையா? இருக்கிறது. பிரிண்ட் இல்லாவிட்டாலும் அதற்கு ஈடாக ஒரு கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத் தகராறில்தான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் புதுத் தமிழ்ப்படமே வெளியாகாமல் கிடந்தது என்று சொன்னேன். நைனா யோசித்துவிட்டு, "பெட்டி பூடுச்சு, பெட்டிக்கூலி மட்டும் நின்னுடுச்சு. அதுவும் நமக்கு இல்ல" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழே கால். நான் பஸ்ஸா ஷேர் ஆட்டோவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நைனா ஐஸ் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். "எத்தினி மணிக்கு அங்க சேரணும்?" என்றார். எட்டு என்றேன். "குடு" என்று கையை நீட்டினார். ஹார்ட் டிஸ்க் உள்ளங்கை அளவுதான், சட்டைப் பையில் போகும். அதைத் துண்டில் சுற்றி, கேரியரில் வைத்து, பழைய ட்யூபால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய் இறங்கியபோது, அவர் ஆபரேட்டர் அண்ணனோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏழு ஐம்பதுக்கே டிஸ்க் உள்ளே போய்விட்டதாம்.

படம் ஓடியது. முதல் இரண்டு நிமிடம் நான் திரையைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா விலை சொல்கிற இடம் வந்தது. முப்பதடித் திரையில் அம்மா முகம், அம்மாவின் அதே குரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "வஞ்சிரத்துக்கு அன்னிக்குக் கம்மியா வெல சொல்லிட்டேன்டா" என்று வருத்தப்பட்டார்.

நைனா எங்களோடு உட்காரவில்லை. வெளியே வந்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "பன்னண்டரை நிமிஷம். ஆயிரத்து நூறு அடிக்கு மேல வரும்" என்றார். மறுபடி டிஸ்க்கைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். கல்யாண வீடியோ அண்ணனிடம் பத்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன்.