எந்த வேட்டை நாய் நல்ல நாய்?

 கொஞ்சம் நீளமான பதிவு இது. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். 1994-ல் பத்தாம் வகுப்பு முடித்தவன். பெயரைப் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். அடையாறு இந்திரா நகரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். மகளுக்கு நாய் வேண்டுமாம். "மிஸ், உங்களுக்கு சாத்தூர் பக்கம்தானே? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நாலஞ்சு பேர் சொல்றாங்க. இதுல பெஸ்ட் வேட்டை நாய் எது?" என்றான்.

"நீ எதை வேட்டையாடப் போறே?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் எது நல்ல வேட்டை நாய் என்று யாராலும் சொல்ல முடியாது. அவனுக்குப் போனில் பாதிதான் சொன்னேன். முழுசாகச் சொன்னால் மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் 1973-ல் கல்யாணமாகி மயிலாப்பூர் வந்தவள். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் கரிசல் மண்ணில் வளர்ந்தவள். எங்கள் பெரியப்பா வீட்டில் எப்போதும் இரண்டு மூன்று நாய்கள் இருக்கும். அப்போது வேட்டையைத் தடுக்கும் சட்டம் வரவில்லை. அறுவடை முடிந்த புஞ்சையில் விடியற்காலையில் முயலுக்குப் போவார்கள். ஊரில் யாராவது குட்டி வாங்க யோசனை கேட்டு வந்தால் பெரியப்பா நாயைப் பற்றிப் பேசவே மாட்டார். "மொதல்ல உன் காட்டைச் சொல்லு. அப்புறம் நாயைச் சொல்றேன்" என்பார். நான் முப்பத்தைந்து வருஷம் விலங்கியல் நடத்தியிருக்கிறேன். தகவமைப்பு என்ற பாடத்தை அதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

கரிசல் காட்டை நினைத்துப் பாருங்கள். பருத்தி எடுத்து, கம்பு அறுத்து முடிந்ததும் கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி. மரம் என்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைமரம். அங்கே முயல் ஒளிய இடம் கிடையாது. அதன் பிழைப்பு முழுக்க ஓட்டத்தில்தான் இருக்கிறது. நேராக ஓடாது, வெட்டி வெட்டித் திரும்பும். அதைப் பிடிக்க மூக்கு தேவையில்லை. கண் வேண்டும், கால் வேண்டும், சட்டென்று திரும்பும் இடுப்பு வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் அப்படித்தான் இருக்கும். நீண்ட ஒல்லி முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால், வெயிலைத் தாங்கும் மெல்லிய ரோமம். கிரேஹவுண்ட், சலுக்கி வரிசையில் வைக்கத்தக்க ஓட்ட நாய்கள். கருப்பில் பழுப்புப் புள்ளி வைத்ததைக் கன்னி என்பார்கள். வெளிர் நிறத்தில் இருப்பது பால்கன்னி. கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்று எங்கள் பக்கம் சொல்வது வழக்கம். எனக்குச் சீராக வந்தது தையல் மெஷின்தான்!

அதே சிப்பிப்பாறையைத் தேனிப் பக்கத்து மலையடிவாரத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? அங்கே புதர், பாறை, ஓடை. வேட்டை முயல் அல்ல, காட்டுப்பன்றி. பன்றி சில சமயம் ஓடாது, நின்று திருப்பித் தாக்கும். மெல்லிய தோலும் ஒல்லிக் காலும் அங்கே கிழிபடும். அந்த மண்ணில் உருவானது கோம்பை. தேனி மாவட்டத்துக் கோம்பை ஊரின் பெயரே அதன் பெயர். செம்பழுப்பு நிறம், கருத்த வாய், கட்டுமஸ்தான உடம்பு, பின்வாங்காத குணம். ராஜபாளையம் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. உயரமும் எலும்பும் உண்டு. பன்றி வேட்டைக்கும் போகும், இரவில் வீட்டையும் தோட்டத்தையும் காக்கும். ஆக, இவை நாலும் அந்தந்தக் காட்டுக்கு ஏற்ப உருவானவை. ஒன்றைவிட ஒன்று உசத்தி என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இதை நம் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் எழுதியதும் டெக்சாஸில் இருக்கும் ஒரு மாணவி வந்து, "இங்கே பாப்கேட் வேட்டைக்கு வேற மாதிரி நாய் வச்சிருக்காங்க மிஸ்" என்றாள். பாப்கேட் என்பது குட்டை வாலுள்ள ஒரு காட்டுப்பூனை. நம்மூர்க் காட்டுப்பூனையைவிடப் பெரியது. அது வெட்டவெளியில் ஓட்டப்பந்தயம் வைக்காது. அடர்ந்த புதருக்குள் சுற்றிச் சுற்றி வரும், தன் தடத்தின் மேலேயே திரும்ப நடக்கும், நெருக்கினால் மரத்தில் ஏறிவிடும். போதாக்குறைக்கு அதன் வாசனைத் தடமும் லேசானது. அங்கே நம் சிப்பிப்பாறையை விட்டால், பூனை கண்ணை விட்டு மறைந்த மறுநொடி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கும்.

அதனால் அவர்கள் மோப்ப நாய்களை வளர்த்தெடுத்தார்கள். தொங்கும் காது, அகன்ற மூக்கு, மைல் கணக்கில் கேட்கும் குரல். புளூடிக் என்ற இனம் மணிக்கணக்கில் ஆறிப்போன தடத்தையும் விடாமல் பிடிக்கும், ஆனால் நிதானமாகப் போகும். ட்ரீயிங் வாக்கர் வேகமானது, சூடான தடத்துக்கு ஏற்றது. ப்ளாட் என்பது ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயரால் வந்தது. கரடிக்கும் பன்றிக்கும் வளர்த்த முரட்டு இனம். வடக்கு கரோலினா மாநிலம் 1989-ல் அதைத் தன் மாநில நாயாகவே அறிவித்தது. எது சிறந்தது என்ற சண்டை அங்கேயும் ஓயவில்லையாம். காய்ந்த மண்ணில் வேட்டையாடுபவன் ஒன்றைச் சொல்வான், ஈரக் காட்டில் இருப்பவன் இன்னொன்றைச் சொல்வான். அவரவர் காட்டுக்கு அவரவர் சொல்வது சரி. வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களை ஊட்டிக்குக் கொண்டுவந்து, அந்த ஊர் நரிக்குப் பதிலாக நம்மூர்க் குள்ளநரியைத் துரத்தினார்கள். ஊட்டியின் குளிரும் புல்வெளியும் அதற்கு இடம் கொடுத்தன. அதே நாய்க்குச் சாத்தூர் சித்திரை வெயில் தாங்குமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயல், மான், காட்டுப்பன்றி, காட்டுப்பூனை எதையும் நம் இஷ்டத்துக்கு வேட்டையாட முடியாது. பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. கொல்வது மட்டும் குற்றமல்ல. பிடிப்பது, துரத்துவது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். "நாய்தானே துரத்துச்சு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தச் சட்டம் நல்லது என்று நினைப்பவள் நான். ஆனால் இந்த இனங்களின் வேலை அதோடு போய்விட்டது. வேலை போன பிறகு மனிதர்கள் நாயை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள்? அழகை வைத்து.

அதன் விலை என்ன என்று எங்கள் தெருவிலேயே பார்த்தேன். மந்தைவெளியில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு குடும்பம் ராஜபாளையம் குட்டி வாங்கியது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வீட்டுப் பாட்டி கவனித்தார். குக்கர் விசில் அடித்தாலும் குட்டி தூக்கத்திலிருந்து அசையவில்லை. தீபாவளி வெடிக்கும் பயப்படவில்லை. "தைரியசாலி" என்று பிள்ளைகள் பெருமைப்பட்டார்கள். பாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னால் நின்று தட்டை விட்டெறிந்தேன். அது திரும்பவில்லை. பிறவிச் செவிடு.

இது அந்தக் குட்டிக்கு மட்டும் வந்த விதி இல்லை. வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அடிக்கடி வருவதுதான். காரணம் நான் வகுப்பில் நடத்தியதுதான். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். வெள்ளைதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தால் காது போகும். விற்றவர் இதைச் சொல்லவில்லை. வாங்கியவர்களும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் "மூக்கு நல்லா ரோஸா இருக்குமா?" என்பதுதான்.

அந்தக் குடும்பம் அதைக் கைவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தரையைக் காலால் தட்டினால் அதிர்வில் திரும்பும் என்று கண்டுபிடித்தார்கள். கை ஜாடை பழக்கினார்கள். ஒரு நாள்கூடச் சங்கிலி இல்லாமல் தெருவில் விடவில்லை. ஏனென்றால் அதற்கு ஆட்டோ ஹாரன் கேட்காது. பதினொரு வருஷம் இருந்தது. பெரியப்பா இருந்திருந்தால், காது கேட்காத நாயைக் காவலுக்கு வைத்தவர்களைப் பார்த்து முதலில் சிரித்திருப்பார். பிறகு அந்தப் பாட்டியைக் கும்பிட்டிருப்பார்.

காவல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம். வீரன் இறந்த பிறகு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த அவனுடைய நாயையும் கல்லில் செதுக்கி, பெயரையும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன் என்று பெயர். அது வெள்ளையா கருப்பா என்று கல்வெட்டு சொல்லவில்லை. செய்த வேலையைச் சொல்கிறது.

நம் நாய்களுக்கு மரியாதை கூடியிருப்பது உண்மைதான். 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலை வந்தபோது மயிலாப்பூர் தபால் நிலையத்தில் வாங்கி வகுப்பில் சுற்றுக்கு விட்டேன். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்த நாலு பெயரையும் சொன்னார். அதன்பிறகு எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கில்லை. ஆனால் மரியாதை என்பது மூன்றாவது மாடியில் பூட்டி வைப்பது அல்ல.

இந்திரா நகர் மாணவனுக்கு இதைத்தான் சொன்னேன். நீயும் உன் மனைவியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டுக்கு வருகிறீர்கள். வெட்டவெளிக்கென்று பிறந்த உடம்பு பதினொன்றரை மணி நேரம் டைல்ஸ் தரையில் என்ன செய்யும்? சரி, சாயங்காலம் அவிழ்த்து விடலாம் என்றால் எங்கே விடுவாய்? உன் வீட்டுக்குப் பக்கத்தில் ஐஐடி வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும் இருக்கின்றன. அங்கே புள்ளிமானும் வெளிமானும் இருக்கின்றன. நாய்கள் மானைக் கடித்த செய்தியை நாமே பேப்பரில் படித்திருக்கிறோம். பெசன்ட் நகர் கடற்கரையில் விட்டால், தை மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் நேரம். 1988 முதல் கல்லூரிப் பிள்ளைகள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். ஓடுவதைத் துரத்து என்று நாமே நூற்றுக்கணக்கான வருஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு, இப்போது துரத்தினால் நாயை அடிப்பது என்ன நியாயம்?

அவன் விடவில்லை. நல்ல மாணவன், எப்போதும் எதிர்க்கேள்வி கேட்பான். "எல்லாரும் இப்படி வேண்டாம்னு சொன்னா இந்த இனமெல்லாம் அழிஞ்சு போகாதா மிஸ்?" என்றான்.

நியாயமான கேள்வி. இடம் இருப்பவர்கள் வளர்க்கட்டும். திருப்போரூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் இன்னொரு மாணவன் இரண்டு கன்னி வளர்க்கிறான். நாலு பக்கமும் வேலி, தினமும் காலையில் ஓட்டம், ராத்திரி காவல். அங்கே அவற்றைப் பார்த்தால் கண் நிறைகிறது. ஓட இடமும், செய்ய ஒரு வேலையும், பெற்றோர் நாய்களை நேரில் பார்த்து வாங்கும் பொறுமையும் இருந்தால் இனம் பிழைக்கும். பிளாட்டுக்குப் பிளாட் குட்டி விற்றால் எண்ணிக்கைதான் கூடும். அடங்காத குட்டிகள் ஆறு மாதத்தில் தெருவுக்கு வரும்.

இந்திரா நகருக்கு என்ன நாய்? மெட்ராஸ் வெயிலையும், மழைத் தண்ணீரையும், ஹாரனையும், ஆயிரம் மனிதர்களையும் தாங்கிப் பழகிய இனம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தபால்தலை கிடையாது. நம் தெரு நாய்தான். 1959-ல் தொடங்கிய புளூ கிராஸில் போய்ப் பார்த்தால் வீடு கிடைக்காமல் எத்தனையோ குட்டிகள் இருக்கும். பெரியப்பா கேட்டபடி காட்டைச் சொன்னால், அடையாறு என்ற காட்டுக்கு இதுதான் பொருந்தும். எதுவானாலும் வெறிநாய்த் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் முதல் வேலை.

வழக்கம் போல வீட்டுப்பாடம். நாய் வாங்க நினைப்பவர்கள் இதற்கெல்லாம் பதில் எழுதிப் பாருங்கள். அது தினமும் எங்கே ஓடும்? பகலில் யார் கூட இருப்பார்கள்? அதன் தாயையும் தகப்பனையும் பார்த்தீர்களா? காது கேட்கிறதா என்று சோதித்தீர்களா? பன்னிரண்டு வருஷம் கழித்து உங்கள் மகள் எந்த ஊரில் படித்துக்கொண்டிருப்பாள், அப்போது கிழ நாயை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இந்திரா நகர்க்காரன் மகளோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறானாம். கடைசிக் கேள்வியில் இரண்டு பேருக்கும் சண்டை என்று நேற்று போன் வந்தது. எழுதி முடிக்கட்டும், திருத்தித் தருகிறேன்.

நாய் வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். சாத்தூர், கோவில்பட்டி உறவுகள் நான் ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மிஸ்
மந்தைவெளி