பந்தய மினிக்கு உதிரிச் சில்லுகள்

1959 இல் வெளிவந்த மினிக் காரின் சில்லு பத்து அங்குலம். 1964 இல் மொன்ரி கார்லோ பந்தயத்தில் வென்ற அந்தச் சிறிய வண்டியின் மீதான மோகம் இங்கிலாந்தில் இன்னும் தணியவில்லை. என் மகனையும் அது விடவில்லை. மழைக்கு நான்கு, வெயிலுக்கு நான்கு எனச் சில்லுகள் வேண்டுமாம். எங்கள் குடும்ப வரவுக்கு அது பெருஞ்செலவு.

அறுபதுகளின் மக்னீசியச் சில்லைக் கண்டால் அவன் கண் மின்னும். பாரம் மிகக் குறைவுதான். ஆயினும் மக்னீசியம் எளிதில் அரிபடும்; புதுப்பூச்சின் கீழ் மயிரிழை வெடிப்பு ஒளிந்திருக்கலாம். வெடிப்புச் சோதனைச் சான்று இல்லையேல் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்றேன். பழைய உருக்குச் சில்லு பாரமானது, ஆனால் மலிவு. சுழற்றிப் பார்த்தால் கோணல் தெரியும். ஆணித் துளைகளைச் சுற்றி வெடிப்புண்டா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும் பொறி வேறொன்று. மினியின் நான்கு ஆணிகள் அமையும் வட்டம் 101.6 மில்லிமீற்றர். சிறு இழுவைப் பெட்டிகளின் பத்து அங்குலச் சில்லுகள் சிலவற்றில் அது 100. கண்ணுக்குப் பேதம் தெரியாது. நட்டை இறுக்கி அந்த 1.6 மில்லிமீற்றரை வெல்ல முயல்வோரும் உளர்! நட்டு சரிந்து அமர்ந்து, ஓட்டத்தில் தளரும்.

முடிவில் மழைக்கு உருக்கு, வெயிலுக்கு அலுமினியக் கலப்பில் வார்த்த புதிய சில்லுகள் என்று தீர்மானித்தோம். இரண்டுக்கும் நட்டு வேறு வேறு. அதன் விலையையும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.