அம்புக்குறிக்கு ஒரு வினைச்சொல்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் உள்ள ஒரே ஒரு வரைபடத்தைத் திருத்துவதற்கு 15 நாள்களைச் செலவிட்டேன். ஏன் இத்தனை நாள் என்று நெறியாளர் கேட்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியும். ஆய்வுக்காக மென்பொருள் உருவாக்கும் மாணவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

கோலாமி மொழியின் ஒலிப்பதிவுகளைச் சேமித்து, எழுத்தாக்கி, இலக்கணக் குறிப்புகள் சேர்க்கும் அமைப்பு ஒன்றை நண்பர்களோடு உருவாக்கிவருகிறேன். முதலாண்டில் அதன் கட்டமைப்பு முழுவதையும் ஒரே பக்கத்தில் வரைந்தேன். 17 பெட்டிகள், அவற்றைவிட மிகுதியான அம்புகள். துறைக் கருத்தரங்கில் காட்டியபோது எவரும் கேள்வி கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அப்படத்தில் ‘சேமிப்பகம்’, ‘ஒலிச் சீரமைப்பு’ என்னும் இரு பெட்டிகளுக்கு இடையே, இருபுறமும் முனை கொண்ட, பெயரில்லாத அம்பு ஒன்று இருந்தது. சீரமைப்பு நிரல் மூலக்கோப்பின் படியைப் பெற்று, சீரமைத்ததைத் தனிக்கோப்பாகத் தருகிறது என்பது நான் கருதிய பொருள். புதிதாக இணைந்த நண்பரோ, கோப்பு சென்று மாற்றம் பெற்றுத் திரும்புகிறது என்று வாசித்து நிரல் எழுதினார். 48 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு வீதத்தில் இருந்த மூலக்கோப்புகளின் மேலேயே 16 கிலோஹெர்ட்ஸ் வடிவம் எழுதப்பட்டது. அவ்வடிவத்தில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்கள் எஞ்சுவதில்லை. பேச்சை எழுத்தாக்கும் நிரலுக்கு அது போதும். உரசொலிகளை நுணுகி ஆராய்வோருக்குப் போதாது.

பெரும்பாலான பதிவுகளுக்கு வன்தட்டில் படி இருந்தது. ஆதிலாபாத் பகுதியில் ஒரு பாட்டியிடம் பதிவுசெய்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் இல்லை. அவசரத்தில் படியெடுக்காமல் நேரே ஏற்றியிருந்தேன். மீண்டும் வரலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, பாட்டி சென்ற மாதமே இறந்துவிட்டதாகப் பேரன் சொன்னார்.

நண்பர் பலமுறை வருந்தினார். ஆனால் அவர் பிழையாக வாசிக்கவில்லை. நான் எழுதியதில் வினைச்சொல்லே இல்லை. பெட்டிகள் பெயர்ச்சொற்கள், இரண்டு பெயர்களை அருகருகே நிறுத்திவிட்டால் யார் யாரை என்ன செய்தார் என்பது விளங்காது. வேற்றுமையும் வினையும் வேண்டும். சார்பிலக்கண மரங்களில் சிலர் தலைச்சொல்லிலிருந்தும் சிலர் சார்சொல்லிலிருந்தும் அம்பு வரைவார்கள் என்பதால், அதனை உறுதிசெய்துகொள்ளாமல் எந்தக் கட்டுரையையும் நாம் வாசிப்பதில்லை. மொழியியல் மாணவனாகிய நான் என் படத்தில் அதை மறந்தேன்.

பிறகு சைமன் பிரவுன் வகுத்த ‘சி4’ முறையைப் பயின்றேன். அமைப்பையும் அதைப் பயன்படுத்துவோரையும் காட்டும் சூழல், தனித்தனியே இயங்கும் செயலிகளையும் தரவுக்கிடங்குகளையும் காட்டும் கொள்கலன், அவற்றின் உட்கூறு, நிரல் என நான்கு நிலைகள். ஒரு படத்தில் ஒரு நிலை மட்டுமே. பழைய படத்தில் ‘ஆய்வாளர்’ என்ற பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு நிரற்கூற்றின் பெயரும் இருந்தது. நாட்டு வரைபடத்தில் வீட்டு எண்ணைக் குறித்ததுபோல. இப்போது அதனை மூன்று படங்களாகப் பிரித்திருக்கிறேன். நிரல் நிலைக்குப் படம் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு பெட்டிக்கும் பெயர், வகை, ஒருவரியில் பணி. ஒவ்வோர் அம்புக்கும் ஒரே திசை, ஒரு வினை. ஓரத்தில் குறியீட்டு விளக்கம். முடிந்தபின், இத்திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவரிடம் படத்தைக் கொடுத்து, அம்புகளை வாக்கியங்களாக உரக்க வாசிக்கச் சொன்னேன். நான் வாய் திறக்கவில்லை. நான்கு இடங்களில் தடுமாறினார். நான்கையும் திருத்தினேன்.

பழைய அம்பு இருந்த இடத்தில் இப்போது இரண்டு அம்புகள் உள்ளன: ‘மூலக்கோப்பை வாசிக்கிறது, மாற்றுவதில்லை’, ‘சீரமைத்ததைப் புதிய கோப்பாக எழுதுகிறது’. தரவுப் பட்டியலில் பாட்டியின் பதிவுகளுக்கு எதிரே, ‘16 கிலோஹெர்ட்ஸ்; மூலம் இல்லை’ என்று குறித்து, காரணத்தையும் எழுதியிருக்கிறேன்.