வெம்மையும் யோகமும்

அண்ணாமலையில் வாழ்வார்க்கு வெம்மை புதிதன்று. ஐம்பூதத் தலங்களுள் இது தீயின் தலம். வேனிற்காலத்து 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையை வெறுங்காலொடு நடப்பார் அதனை அடிதோறும் உணர்வர்.

எம் தமையனார் சிவப்பேறெய்தியபின் உறக்கமிழந்திருந்த அவர் மகன், சென்ற திங்கள் ஈண்டு வந்தபோது, தான் வெப்ப யோகம் பயின்று உறங்கப்பெறுவதாகக் கூறி, “சிற்றப்பா, இதுவும் நம் யோகந்தானோ?” என வினவினான். கல்கத்தாவிற் பிறந்த பிக்ரம் சௌத்ரி வகுத்த முறை அது. ஏறத்தாழ 40 பாகை செல்சியசு வெம்மையூட்டிய அறையில், மூச்சுப்பயிற்சி உட்பட 26 பயிற்சிகளை 90 நிமிடம் செய்வர். வெம்மையால் தசைகள் இளகும் என்பது உண்மையே. ஆயினும் நீரிழப்பும் மயக்கமும் நேரலாம். ஆதலின் இதயநோயுடையாரும் கருவுற்றாரும் மருத்துவரை வினவாது அதனுட் புகுதல் தகாது.

யாம் அவனுக்குக் கூறிய விடை வருமாறு: உடல் இறைவன் உயிர்க்கு அளித்த கருவி, அதனைப் பேணுதல் நன்றே. ஆயின் திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்துள் உரைத்த எட்டு உறுப்புக்களுள் ஆசனம் மூன்றாவது. அதன்முன் இயமமும் நியமமும் நிற்கின்றன. அதன்பின் மூச்சும் புலனும் மனமும் முறையே அடங்கும் படிகள் உள. அறையின் வெம்மை வியர்வையை வெளிப்படுத்தும். ஆணவ மலத்தின் வலியை அடக்குவது திருவருள் ஒன்றே. உறக்கந் தந்த பயிற்சியை இகழற்க. வியர்வை புலர்ந்தபின் சிறிதுபோழ்து அமர்ந்து, நின் தந்தையார் நாளும் ஓதிய திருவைந்தெழுத்தை நினைப்பாயாக. உடல் அடங்கிய அப்பொழுதே உள்ளம் இறைவன்பால் திரும்புதற்கு உரிய பொழுது.

அன்பர்கட்கும் எம் விண்ணப்பம் இதுவே.