ரேஸ் கார் பெல்ட்டை நம்ம காரில் மாட்டலாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் வச்சிருக்கிறவங்க, கார் ஓட்டுற பிள்ளைங்களைப் பெத்தவங்க கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நைட் டூட்டி முடிச்சிட்டு ராஜபாளையம் வீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். வாசலில் ஹாரன் சத்தம். என் அத்தை மகன்.

"அத்தான், வெளிய வாங்க. கார்ல ஒண்ணு மாட்டிருக்கேன், பாருங்க."

பழைய ஸ்விஃப்ட். முன் சீட் ரெண்டிலும் சிவப்பு நிறத்தில் அகலமான வார்கள். தோளுக்கு ரெண்டு, இடுப்புக்கு ரெண்டு, நடுவில் வட்டமா ஒரு பூட்டு. ஆன்லைனில் வாங்கி, தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சு மாட்டியிருக்கார்.

"அஜித் சார் கார் துபாய்ல எப்படிச் சுத்துச்சு? மனுஷன் ஒண்ணுமே ஆகாம இறங்கி நடந்து வந்தாரே! அதுக்கு இந்த பெல்ட்தான் அத்தான் காரணம்."

அவர் சொன்னதில் பாதி சரி. 2025 ஜனவரி 7, துபாய் ஆட்டோட்ரோமில் பயிற்சியின்போது அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. காயமில்லாமல் வெளியே வந்தார். அடுத்த சில நாளில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

மீதிப் பாதியைத்தான் நான் என் மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ரேஸ் காரில் பெல்ட் தனியாக வேலை செய்வதில்லை. உடம்பைச் சுற்றிப் பிடிக்கிற பக்கெட் சீட், கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டு, ஹெல்மெட், கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி, இத்தனையும் சேர்ந்துதான் ஓட்டுநரைக் காப்பாற்றுது. இதில் பெல்ட்டை மட்டும் உருவி ஸ்விஃப்ட்டில் மாட்டினால் என்ன ஆகும்? மருத்துவனா சொல்றேன்.

முதலில் வயிறு. நாலு வார் பெல்ட்டில் தோள் வாரை இறுக்கும்போது, இடுப்பு வார் இடுப்பெலும்பை விட்டு மேலே வயிற்றுக்கு ஏறிடும். மோதும்போது உடம்பு அதுக்குக் கீழே வழுக்கிப் போகும். குடல், மண்ணீரல், கல்லீரல் எல்லாம் அந்த வாருக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் மாட்டிக்கும். ரேஸ் பெல்ட்டில் தொடைகளுக்கு நடுவே கூடுதலாக வார் வைப்பது இதைத் தடுக்கத்தான்.

அடுத்து முதுகுத்தண்டு. சர்வதேச ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ விதிப்படி தோள் வார் சீட்டின் மேல் விளிம்பிலிருந்து பின்னால் கிட்டத்தட்ட கிடைமட்டமாகப் போகணும். 10 டிகிரிக்குள் சரிவு நல்லது, 45 டிகிரியைத் தாண்டவே கூடாது. நம்ம ஆள் காரில் அது சீட்டுக்குப் பின்னால் நேராகத் தரையை நோக்கி இறங்கியிருந்தது. மோதும் நொடியில் அந்த வார் தோளைக் கீழே அழுத்தும். முதுகெலும்பு அப்பளமா நொறுங்க வாய்ப்பிருக்கு.

அப்புறம் கழுத்து. உடம்பை அசையாமல் கட்டிட்டா, தலை மட்டும் முன்னால் பாயும். 2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துதான். அதன் பிறகுதான் அங்கே ஹான்ஸ் போன்ற கருவி கட்டாயமானது. ஃபார்முலா ஒன்னில் 2003ல் வந்தது.

கடைசியா கூரை. கார் உருண்டு கூரை அமுங்கும்போது சாதா பெல்ட்டில் உடம்பு பக்கவாட்டில் சாய இடமிருக்கு. நாலு வாரில் கட்டிப்போட்டா கூண்டில்லாத கூரைக்குக் கீழே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கணும்.

இன்னொண்ணு, இதைக் கட்டிக்கிட்டா குனிஞ்சு எட்டிப் பார்க்கவும் முடியாது. பஞ்சு மார்க்கெட் பக்கம் எந்த பைக் எந்தச் சந்திலிருந்து வரும்னு பார்க்காம ஓட்டுற ஊரா நம்ம ஊரு?

"சரி அத்தான், சட்டப்படி தப்பா?"

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52: தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. விதியை மீறி மாற்றினால் பிரிவு 182ஏ படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். ஐரோப்பாவில் சாலைக்கென்றே சோதித்து, இன்ன மாடல் காருக்கு என்று அங்கீகாரத்தோடு விற்கிற நாலு வார் பெல்ட்டுகள் உண்டு. ஆன்லைனில் வந்த இந்த பெல்ட்டில் அந்த முத்திரை எதுவும் இல்லை. ஆர்டிஓவிடம் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பெல்ட்டில் கை வைக்கவே கூடாது.

அவர் முகம் வாடிப்போச்சு. ஆனா என் கண்ணு பின் சீட்டில் இருந்தது. முன் பெல்ட்டின் தோள் வாரை மாட்ட, பின் சீட் பெல்ட்டைக் கழற்றி அந்த போல்ட்டைப் பயன்படுத்தியிருந்தாங்க.

"மாப்ள, பாப்பா எங்க உட்காருவா?"

"பின்னாடிதான் அத்தான். அவங்க அம்மா மடியில."

நான் அவரை உட்கார வச்சு ஒரு விஷயம் சொன்னேன்.

நான் பயிற்சி மருத்துவரா இருந்த காலம். ராத்திரி ஒரு கார், விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் மோதி எங்க கேஷுவாலிட்டிக்கு வந்தது. ஓட்டின கணவர் நடந்தே உள்ளே வந்தார். நெஞ்சில் குறுக்கே ஊதா நிறத்தில் பெல்ட் தடம். அந்தத் தடம்தான் அவருக்கு உயிர். பின் சீட்டில் இருந்த மனைவி பெல்ட் போடவில்லை. முன் சீட்டில் வந்து மோதியிருக்காங்க. எங்களால் முடிஞ்சதெல்லாம் செய்தோம். விடியறதுக்குள்ள போயிட்டாங்க.

அந்த மனுஷர் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டது ஒண்ணுதான். "பின்னாடிதானே சார் உட்கார்ந்திருந்தா?"

2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே சூர்யா நதிப் பாலத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்ததும் பின் சீட்டில்தான். முன்னால் இருந்த இருவர் பிழைத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் பாதிக்குப் பாதி பயணிகள்.

மாப்பிள்ளை ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் எழுந்து போய் என் காரைத் திறந்தார். முன் சீட் பெல்ட் பூட்டில் சொருகியிருந்த குட்டி உலோக கிளிப்பை எடுத்து நீட்டினார்.

"அப்ப இது என்ன அத்தான்?"

பீப் சத்தம் வராமல் இருக்க மாட்டுற கிளிப். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில்தானே, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு எதுக்கு பெல்ட்னு அம்மா சலிச்சுக்கிட்டாங்கன்னு நான்தான் வாங்கி மாட்டினேன். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதை விற்கக் கூடாதுன்னு ஆன்லைன் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது. 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. என் காரில் மட்டும் நீங்கவில்லை.

டாக்டருக்கு அன்னைக்கு வாயில் பதில் இல்லை.

அன்னைக்கே மெக்கானிக்கிட்ட போனோம். சிவப்பு வார் கழன்றது. கம்பெனி பெல்ட் நாலும் திரும்பி வந்தது. பாப்பாவுக்குத் தனி சீட் வாங்கியாச்சு. பதினாலு வயசுக்குள்ள குழந்தைக்கு பெல்ட்டோ, அதுக்கான சீட்டோ இல்லைன்னா பிரிவு 194பி படி 1,000 ரூபாய் அபராதம். என் கிளிப் குப்பைத் தொட்டிக்குப் போச்சு.

இப்ப உங்களுக்கு:

இடுப்பு வார் இடுப்பெலும்பு மேல் இருக்கணும், வயிற்று மேல் அல்ல. கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குக் கீழே.

தோள் வார் காறை எலும்பின் நடுவில் போகணும். கக்கத்துக்குக் கீழே விடாதீங்க.

பெரிய விபத்தில் மாட்டின பெல்ட்டை மாற்றிடுங்க.

ரேஸ் ஆசை இருந்தா இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவை கரி ட்ராக்குக்கோ போய் முறையாப் பழகுங்க.

இப்ப நம்ம காரில் இருக்கிற மூணு முனை பெல்ட்டை 1959ல் வால்வோவில் வடிவமைத்தவர் நில்ஸ் போலின். அதுக்கு முன்னால் போர் விமானத்தில் விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்தவர். காப்புரிமையை யார் வேணாலும் பயன்படுத்தலாம்னு வால்வோ திறந்து விட்டது. ஒரு கையால் ரெண்டு நொடியில் மாட்டிடலாம்.

பக்கத்துல சத்திரப்பட்டியில் நெய்யிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ போகுது. உங்க வீட்டுக்கு அது தேவைப்படாம இருக்கட்டும்.

பின் சீட்டிலும் பெல்ட் போடுங்க. பக்கத்து ஊருக்குப் போனாலும் போடுங்க.


அரசு மருத்துவர், ராஜபாளையம்